ஒளி மங்கினால் எதைக் கண்டோம்? கரியிலிருந்து வந்த காபன் புள்ளிகளின் வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடித்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துச் சனத்துக்கு "கண்டுபிடிக்கும் கருவி" என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காலத்தில் வளவுக்குள் கால் வைப்பதற்கு முன்னர் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கிளியர் பண்ணியாச்சா?" சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் "இங்கே இருக்கிறது" என்ற செய்தியை விட "இங்கே இல்லை" என்ற செய்திக்குத்தான் பெறுமதி அதிகம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட்டோம், தோட்டம் கொத்தினோம், கிணறு இறைத்தோம்.

இன்றைக்கு நான் எழுதப்போவது மிதிவெடியைப் பற்றி அல்ல. காபன் குவாண்டம் புள்ளிகள் என்ற மிகச் சிறிய ஒளிரும் துகள்களைப் பற்றி. தண்ணீரில் இரசம் இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா, வெடிமருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இவை உதவும் என்று உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. தோடம்பழச் சாற்றிலும் கொத்தமல்லி இலையிலும் செய்யலாம் என்பதால் யூடியூப்பிலும் முகநூலிலும் "வீட்டிலேயே நனோ தொழில்நுட்பம்" என்று காணொளிகள் வருகின்றன. பிள்ளைகளும் செயற்றிட்டத்துக்கு எடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டு எடுத்தால் இன்னும் நல்லது. ஒளிரச் செய்வது லேசான வேலை என்பதும், அந்த ஒளி என்ன சொல்கிறது என்று அறிவதுதான் கடினமான வேலை என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

*1. ஒரு மரத்துண்டும் போலி வியாபாரிகளும்*

முதலில் ஒளிர்வு என்றால் என்னவென்று பார்ப்போம். சில பொருட்களின் மீது கண்ணுக்குத் தெரியாத கழியூதா (யூவி) ஒளி பட்டால், அதை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வேறொரு நிற ஒளியை உடனே வெளிவிடும். காசுத்தாளை யூவி விளக்கின் கீழ் வைத்து வங்கியில் பார்க்கிறார்களே, அதுதான். விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும்.

இதை எழுத்தில் பதிந்த பழைய ஆட்களில் ஒருவர் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் நிக்கொலாஸ் மொனார்டெஸ். 1565இல் அவர் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு மருந்து மரத்தைப் பற்றி எழுதினார். அந்த மரத்துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீருக்கு ஒரு நீலச்சாயல் வரும். மரம் நல்ல விலை போனதால் போலிகளும் சந்தைக்கு வந்தன. நீலம் வந்தால் அசல், வராவிட்டால் போலி. ஒளிர்வைப் பற்றிய முதல் குறிப்புகளில் ஒன்றே ஒரு பரிசோதனையைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ஏன் ஒளிர்கிறது என்று தெரிவதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்னரே அதை வைத்து உண்மை பொய் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

*2. எங்கள் நாட்டுக் கொயினா மரம்*

அடுத்த கட்டம் குயினைன். எங்கள் மூத்தவர்கள் "கொயினா" என்று சொல்லும் அதே கசப்பு மருந்து. வன்னியில் மலேரியாக் காய்ச்சல் பார்த்த வயதானவர்களுக்கு அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கும்.

குயினைனை சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரான்சில் பெலெற்றியே, கவென்று என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். 1845இல் இங்கிலாந்தின் ஜோன் ஹேர்ஷல், நிறமில்லாத குயினைன் கரைசலின் மேற்பரப்பில் சூரிய ஒளி படும் இடத்தில் மட்டும் ஒரு நீல ஒளி தெரிவதைக் குறித்தார். 1852இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் சொன்னார். சூரிய ஒளியை அரியத்தால் நிறங்களாகப் பிரித்து, குயினைன் குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனார். ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் இடத்துக்குப் போனபோதுதான் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய், தெரியும் ஒளியாக வெளியே வருகிறது என்று அவர் நிறுவினார். இதற்கு ஆங்கிலத்தில் 'புளுவோரசென்ஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புளோஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து அதை எடுத்தார்.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்ப்பதற்குத்தான். கோப்பிச் செடியை நோய் அழித்தபோது பல தோட்டங்கள் சிங்கோனாவுக்கு மாறின. 1880களில் இலங்கைப் பட்டை பெருமளவில் ஏற்றுமதியாகி, உலகச் சந்தையில் விலையே விழுந்தது. பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அந்தக் குயினைன் இன்றும் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. புதிதாக ஒரு காபன் புள்ளியைச் செய்பவர் அது எவ்வளவு திறமையாக ஒளிர்கிறது என்று அளக்க, பெரும்பாலும் குயினைன் சல்பேற்றுக் கரைசலோடுதான் ஒப்பிடுகிறார். உறிஞ்சும் 100 ஒளித்துணிக்கைகளில் ஏறத்தாழ 54ஐ அது திருப்பித் தருகிறது. கடையில் தேங்காய் எடை போடும் படிக்கல் மாதிரி, ஒளிர்வுக்கு அது படிக்கல்.

*3. கழுவும்போது கிடைத்த வெளிச்சம்*

கரியை மனிதன் தூக்கி எறிந்ததே இல்லை. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிவதற்கு விளக்குக் கரியைப் பூசினார்கள் எங்கள் முன்னோர். அறபு எழுத்தணிக் கலைஞர்களின் கறுப்பு மையும் புகைக்கரியில் செய்ததுதான். இஸ்தான்புல்லில் 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகை ஒரு சிறு அறைக்கு இழுக்கப்பட்டுப் படியும்படி அமைத்திருந்தார்கள். அந்தக் கரி மை செய்யப் போனது. ஆனால் அந்தக் காலமெல்லாம் கரி என்றால் கறுப்பு. அது ஒளிரும் என்று யாரும் நினைக்கவில்லை.

2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சூ என்பவரும் கூட்டாளிகளும் மின்வில்லில் உண்டான காபன் புகைக்கரியைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது காபன் நனோகுழாய்கள். கரியை நைத்திரிக் அமிலத்தில் போட்டு, காரத்தில் கரைத்து, ஒரு ஜெல் ஊடாக மின்சாரத்தால் ஓடவிட்டபோது, குழாய்களை முந்திக்கொண்டு வேறொரு பகுதி ஓடியது. யூவி விளக்கைப் பிடித்தால் அது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஒளிர்ந்தது. தேடிய பொருளுக்குள் இருந்த அழுக்கு அது. அந்த அழுக்கைக் கழுவி ஊற்றாமல் தனியே எடுத்து எழுதினார்கள்.

2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழு, காரீயத்தை (கிரபைற்றை) லேசரால் தாக்கித் துகளாக்கி, அதன் மேற்பரப்பில் ஒரு நீண்ட மூலக்கூறை ஒட்டவைத்தபோது ஒளி பிரகாசமானது. "காபன் புள்ளி" என்ற பெயர் அதோடு நிலைத்தது. 2007இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் லியூ, யே, மாவோ ஆகிய மூவர் சாதாரண மெழுகுதிரிப் புகைக்கரியிலிருந்தே இவற்றை எடுத்துக் காட்டினார்கள். மெழுகுதிரிக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துக் கரியைச் சேர்ப்பது எந்தப் பாடசாலையிலும் செய்யக்கூடிய வேலை. அதைச் செறிந்த அமிலத்தில் கொதிக்கவைப்பது மட்டும் பாடசாலை வேலை அல்ல.

எவ்வளவு சிறியவை என்றால், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். காபன் புள்ளிகள் பொதுவாகப் பத்து நனோமீற்றருக்கும் குறைவு.

"குவாண்டம் புள்ளி" என்ற சொல் இதற்கும் மூத்தது. 1980களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் அலெக்சி எக்கிமோவ் நிறக் கண்ணாடிக்குள்ளும், அமெரிக்காவில் லூயி புரூஸ் கரைசலுக்குள்ளும், ஒரே பொருளின் துகள் சிறிதாகச் சிறிதாக நிறம் மாறுவதைக் கண்டார்கள். 1993இல் மவுங்கி பவெண்டி அவற்றை ஒரே அளவில் சீராகச் செய்யும் முறையைத் தந்தார். மூவருக்கும் 2023இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துகள்கள் பலவற்றில் கட்மியம் இருக்கிறது. கட்மியம் நஞ்சு. தண்ணீரைச் சோதிக்கப் போய்த் தண்ணீருக்குள் நஞ்சை விடுவதா? காபன் மீது உலகம் ஆசைப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

*4. குசினிக்குள் வந்த நனோ*

2012க்குப் பிறகு கதை வேகமெடுக்கிறது. கரியை உடைத்துச் சிறிதாக்குவதற்குப் பதிலாக, சீனியும் அமிலமும் உள்ள சாற்றைச் சூடாக்கிச் சிறியதிலிருந்தே கட்டலாம் என்று கண்டார்கள். சீனியைத் தாச்சியில் போட்டுக் கருக்கினால் பாகு பொன்னிறமாகி, மண்ணிறமாகி, கடைசியில் கரியாகும் அல்லவா? அந்தக் கரியாகும் பாதையின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்துவதுதான் இதன் சூட்சுமம்.

இந்தியாவின் ரூர்கேலா தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் சஸ்மிதா மொகபத்ராவின் குழு 2012இல் தோடம்பழச் சாற்றை மூடிய கலத்தில் 120 பாகை செல்சியசில் சூடாக்கிக் காபன் புள்ளிகளைச் செய்தது. அதே வருடம் சீனாவில் ஒரு குழு ஜம்போலாத் தோலில் செய்து, அதை வைத்துத் தண்ணீரில் இரசத்தைக் கண்டது. இன்னொரு குழு புல்லில் செய்து செப்பைக் கண்டது. 2015இல் ரூர்க்கி ஐஐடியில் அபய் சச்தேவும் கோபிநாத்தும் கொத்தமல்லி இலையை 240 பாகையில் நான்கு மணித்தியாலம் வைத்துச் செய்து இரும்பு அயனைக் கண்டார்கள். தென்கொரியாவின் யுங்நாம் பல்கலைக்கழகத்தில் அச்சுதன் முதலான தமிழ் ஆய்வாளர்கள் 2018இல் அரைநெல்லியிலும், பிறகு வாழைப்பழத் தோலிலும் செய்தார்கள். அவர்களும் கண்டது இரும்பைத்தான்.

அரைநெல்லியும் வாழைத்தோலும் கொத்தமல்லியும் எங்கள் வளவிலும் இருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன முறைகள், அழுத்தம் தாங்கும் விசேட உருக்குக் கலத்துக்குள் செய்யப்பட்டவை. மூடிய போத்தலையோ டப்பாவையோ அடுப்பில் வைத்தால் அது வெடிக்கும். தயவுசெய்து யாரும் வீட்டில் முயலவேண்டாம்.

*5. மங்குவதுதான் செய்தி*

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் புள்ளி எப்படி ஒன்றைக் "கண்டுபிடிக்கிறது"?

புள்ளியின் மேற்பரப்பில் ஒட்சிசன், நைதரசன் கொண்ட கூட்டங்கள் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் உள்ள இரசமோ இரும்போ அவற்றில் போய் ஒட்டும். யூவி ஒளியால் தூண்டப்பட்ட இலத்திரன் வழக்கமாக ஒளியை விட்டுக்கொண்டு கீழிறங்கும். உலோகம் ஒட்டியிருந்தால் அந்தச் சக்தி வேறு வழியால் போய்விடும். ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்று அளந்தால் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

இதே தத்துவத்தைப் பாடசாலையில் ஆபத்தில்லாமல் காட்டலாம். ரொனிக் வோட்டர் என்று கடையில் விற்கும் குடிபானத்தில் குயினைன் இருக்கிறது. இருட்டறையில் காசுத்தாள் பார்க்கும் யூவி ரோச்சைப் பிடித்தால் நீலமாக ஒளிரும் (ரோச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது). இப்போது ஒரு கரண்டி கறியுப்பைக் கரையுங்கள். நீலம் மங்கிப்போகும். உப்பில் உள்ள குளோரைட்டு அயன்தான் காரணம். இரண்டு கிளாசைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் அந்த இடத்திலேயே இன்னொரு கேள்வி கேட்கவேண்டும். உப்புக்குப் பதிலாக அயடைட்டைப் போட்டாலும் குயினைன் மங்கும். புரோமைட்டுக்கும் மங்கும். அப்படியென்றால் மங்கியதைப் பார்த்து "இதில் குளோரைட்டு இருக்கிறது" என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. "மங்கவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லலாம்.

இது எங்கள் ஊருக்குப் பழகிய சங்கடம். மிதிவெடி அகற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உலோகம் காட்டும் கருவி எல்லா உலோகத்துக்கும் கத்தும். சண்டை நடந்த நிலத்தில் சன்னக்கோதும் செல் துண்டும் ஆணியும் நிறைந்திருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முழந்தாளிட்டுக் கிண்டிப் பார்க்கவேண்டும். மறுபக்கம், சில மிதிவெடிகளில் உலோகம் மிக மிகக் குறைவு. பிளாஸ்ரிக் உடம்பு. கருவி கத்தாமலே விடலாம். அதனால்தான் வன்னியில் பல இடங்களில் கருவியை மட்டும் நம்பாமல், நிலத்தை றேக்கால் அங்குலம் அங்குலமாக வாரி எடுத்தார்கள். அந்த வேலையில் எங்கள் பெண்கள் எத்தனை பேர் வெயிலில் காய்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கையால் வாங்கிய "இல்லை" என்ற சொல்லின் மேல்தான் இன்று வீடு கட்டி இருக்கிறோம்.

ஒரு கருவி இரண்டு விதத்தில் பிழைவிடும். இல்லாததை இருக்கிறது என்று சொல்லும். அல்லது இருப்பதை இல்லை என்று சொல்லும். முதலாவது நேரத்தைத் தின்னும். இரண்டாவது காலை எடுக்கும்.

வெடிமருந்தையே மணந்து பிடிக்கும் ஒளிர்வுக் கருவியும் இந்த வரலாற்றில் உண்டு. 1998இல் எம்ஐடியில் யாங், சுவேகர் என்ற இருவர், டிஎன்டி ஆவி பட்டால் ஒளி மங்கும் பிளாஸ்ரிக் படலம் ஒன்றைச் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த கருவிக்கு ஃபைடோ என்று நாயின் பெயரையே வைத்தார்கள். 2015இல் சீனாவில் காபன் புள்ளிகளாலும் தண்ணீரில் டிஎன்டியைக் கண்டு காட்டினார்கள். புள்ளியின் மேலுள்ள அமைன் கூட்டத்தில் டிஎன்டி ஒட்டி ஒளியை மங்கச் செய்கிறது. ஆய்வுகூடக் குவளைக்குள் இது நடக்கும். செல் துண்டும் எரிந்த மண்ணும் மழைச்சேறும் கலந்த நிலத்தில் "இல்லை" என்று சொல்லும் உரிமை அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

*6. வெளிச்சம் இருக்கும் இடத்தில் தேடுவது*

முல்லா நஸ்ருதீன் கதை தெரிந்திருக்கும். வீட்டுக்குள் தொலைத்த திறப்பை வெளியில் தேடினாராம். ஏன் என்று கேட்டதற்கு, இங்கேதான் வெளிச்சம் இருக்கிறது என்றாராம்.

காபன் புள்ளி ஆய்வுகளில் எத்தனையோ இரும்பு அயனைக் காண்பதில் முடிகின்றன. இரும்புதான் தண்ணீரில் மிகக் கெட்ட நஞ்சு என்பதாலா? இல்லை. தண்ணீரில் இரும்பு கூடினால் நிறமும் துருச்சுவையும் வரும், வெள்ளைச் சீலை பழுதாகும். நாக்கே அதைச் சொல்லிவிடும். இரும்பு அயன் காபன் புள்ளியை இலகுவாக மங்கச் செய்கிறது. அதனால் அது அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகிறது. அதோடு இரும்புக் கரைசல் தானே யூவி ஒளியை உறிஞ்சிவிடும். புள்ளியில் ஒட்டாமலே வெளிச்சத்தை மறைத்து, மங்கியது போலக் காட்டும். தேயிலைச் சாயம் விழுந்தாலும் அப்படித்தான், இலை ஊறிய குளத்துத் தண்ணீரும் அப்படித்தான்.

எங்களுக்குத் தேவையான கேள்விகள் வேறு. வவுனியாவின் சில பகுதிகளிலும் வடமத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோய் பரவிய காலத்திலிருந்து தண்ணீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் பேசப்படுகின்றன. காரணம் இன்னும் ஆராயப்படுகிறது. தோட்டக் கிணறுகளில் பசளையால் வரும் நைத்திரேற்று இன்னொரு கவலை. இவை இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் குடிநீரில் ஒரு லீற்றருக்குப் புளோரைட்டு 1.5 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம், ஈயம் 10 மைக்குரோகிராம், இரசம் 6 மைக்குரோகிராம் என்று எல்லை போட்டிருக்கிறது. ஜம்போலாத் தோலில் செய்த புள்ளி இரசத்தை அந்த எல்லையை விட நூறு மடங்குக்கும் குறைவான அளவிலேயே காட்டியது. அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் உங்கள் கிணற்றில் இரசம் பிரச்சினையே இல்லை, புளோரைட்டுத்தான் பிரச்சினை என்றால், அந்தச் சாதனை உங்கள் கிணற்றுக்கு எதையும் சொல்லாது.

2014, 2015 காலத்தில் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை நினைவிருக்கும். ஒரு தரப்பின் அறிக்கை மாசு இருக்கிறது என்றது. இன்னொரு அறிக்கை வேறு மாதிரிச் சொன்னது. சனம் எதை நம்பிக் குடிப்பது என்று தெரியாமல் வீதிக்கு வந்தது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த விவகாரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: "இல்லை" என்று யாராவது சொன்னால், எதை, எந்தக் கருவியால், எந்த அளவு வரைக்கும் தேடிவிட்டு இல்லை என்கிறீர்கள் என்று கேட்கும் அறிவு சாதாரண சனத்துக்கு வேண்டும்.

*7. தன் வேலையைத் தானே சோதித்தவர்கள்*

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2013இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் பாய் யாங்கின் குழு சித்திரிக் அமிலத்தையும் எதிலீன்டையமீன் என்ற சேர்வையையும் சேர்த்துச் சூடாக்கி, 80 சதவீதம் வரை ஒளிரும் காபன் புள்ளிகளைச் செய்தது. குயினைனையே மிஞ்சிய ஒளி. உலகம் முழுவதும் அந்தச் செய்முறையைப் பின்பற்றியது.

2015இல் அதே குழு தன்னுடைய கரைசலைத் தானே பிரித்து ஆராய்ந்தது. அந்த நீல ஒளியின் பெரும் பங்கு, சூடாக்கும்போது கூடவே உண்டாகும் ஒரு சிறிய சாய மூலக்கூறிலிருந்து வருகிறது என்று கண்டு அதை எழுதி வெளியிட்டது. அதாவது, ஒளிர்வதெல்லாம் புள்ளி அல்ல. அதன் பிறகு நல்ல ஆய்வுகூடங்கள் கரைசலை நாட்கணக்கில் சவ்வுப் பையில் வைத்துக் கழுவி, சிறு மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டுத்தான் ஒளியை அளக்கின்றன. கழுவாமல் "நான் காபன் புள்ளி செய்துவிட்டேன்" என்று சொன்னால் இன்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

பெயர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பைத் தானே கழுவிப் பார்ப்பதற்கு நேர்மை வேண்டும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் என்று நாங்கள் படிப்பிக்கவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

*8. நாங்கள் என்ன செய்யலாம்?*

பிள்ளைகளுக்கு: செயற்றிட்டம் எடுங்கள், தாராளமாக. ரொனிக் வோட்டரும் உப்பும் யூவி ரோச்சும் போதும். நான்கு கிளாஸ் வையுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். ஒன்றில் உப்பு. ஒன்றில் சீனி. ஒன்றில் தேயிலைச் சாயம். உப்பும் சாயமும் மங்கச் செய்யும், சீனி செய்யாது. உப்பும் சாயமும் ஒரே காரணத்தாலா மங்கச் செய்கின்றன என்று யோசியுங்கள். அந்த எதுவும் போடாத கிளாஸ்தான் நான்கிலும் முக்கியமானது. அது இல்லாமல் மற்றைய மூன்றும் எதையும் சொல்லாது.

பெற்றோருக்கு: கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் முகநூல் காணொளியைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் வழியை அவர் சொல்லுவார். அறிக்கை கையில் கிடைத்தால் "நல்ல தண்ணீர்" என்ற ஒற்றை வரியோடு நிற்காமல், எவற்றையெல்லாம் சோதித்தார்கள், அளவு என்ன, எல்லை என்ன என்று பாருங்கள். விளங்காவிட்டால் பக்கத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அது எங்கள் வேலையும்தான்.

பல்கலைக்கழகம் போகப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உலகத்திலேயே மிகத் தூய்மையான காரீயம் கிடைக்கும் நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. போகலையிலும் கஹட்டகஹவிலும் இன்றும் வெட்டி எடுக்கிறார்கள். ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் 2008இலிருந்து இருக்கிறது. மூலப்பொருளும் இருக்கிறது, ஆய்வுகூடமும் இருக்கிறது. வன்னிக் கிணற்றடியில் நின்று "எங்களுக்கு வேண்டியது இதைக் காணும் கருவி" என்று கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த ஆள்தான் தேவை. இரும்பை இன்னொரு முறை காண்பதற்கு ஆள் தேவையில்லை. புளோரைட்டுக்கு மட்டும் மங்கி, வேறெதற்கும் அசையாத ஒரு புள்ளியை, கிணற்றடியில் வைத்தே பார்க்கும் விலையில் செய்யக்கூடியவர், இந்த மண்ணில் எது இல்லை என்று கேட்டு வளர்ந்த பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

பயனுள்ள கல்வியை அல்லாஹ் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தருவானாக.

உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து அறிக்கை பெற்றிருந்தால், எதைச் சோதித்தார்கள், என்ன அளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். பத்துப் பேருடைய விபரம் சேர்ந்தாலே எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி இன்று தெரிவதை விடக் கூடத் தெரியும்.